சனிக்கிழமை எண்ணெய்

ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து மதுரைத் திருநகர் மூன்றாவது ஸ்டாப்பின் கடைப்பலகைகளின்மேல் இறக்கிவிட்டுப் போகும் பருவத்தில், தோளில் ஒரு பையும் கையில் சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் உறையுமாக, மாடியறை வாடகைக்குக் கிடைக்குமா என்று வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வரும் வித்தியார்த்திகளை நான் இந்தத் தெருவில் குடியிருக்கும் காலமெல்லாம் பார்த்து வருகிறேன். கமுதியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் உசிலம்பட்டிக்கு மேற்கேயுள்ள சிற்றூர்களிலிருந்தும் வருகிற இவர்களில் பலர், தங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்பைத் தாண்டி மேலே அடியெடுத்து வைக்கும் முதல் மனிதர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலோ நகரின் பழைய கல்லூரிகளிலோ முதுகலை வகுப்பில் அல்லது முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்துவிட்டு, விடுதியில் இடம் கிடைக்காமையால் இந்தப் பக்கம் வந்து சேருகிறார்கள். வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், பல்கலை நகருக்குப் பஸ் எங்கே மாற வேண்டும் என்ற மூன்று கேள்விகளை அவர்கள் தவறாமல் கேட்கிறார்கள். உபகாரச் சம்பளம் ஆறு மாதம் வராவிட்டால் எதை உண்பது, நெறியாளர் கையொப்பமிடாமல் நாளைக் கடத்தினால் யாரிடம் முறையிடுவது, மனம் சோர்ந்து எழுத்து ஓடாத இரவில் எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்விகளை அவர்கள் கேட்பதில்லை. அவற்றுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள் உண்டு என்பதையே அவர்களுக்கு எவரும் சொல்லியிருப்பதில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்விகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். உயர்கல்வி ஸ்தாபனங்கள் தம்மிடம் புதிதாக வந்து சேரும் மேற்பட்டப் படிப்பு மாணவருக்கு அறிவைத் தவிர வேறு என்னென்ன தரக் கடமைப்பட்டவை, அவற்றை நம் நாடு முன்பு எவ்வாறு தந்தது, இன்று எவ்வாறு தருகிறது அல்லது தரத் தவறுகிறது என்பதே விஷயம்.

திருநகருக்கு வடக்கே, பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் நாகமலைப் புதுக்கோட்டைச் சாலைக்கு அருகில், கீழக்குயில்குடியில் சமணர் மலை நிற்கிறது. அதன் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே, கி.பி. ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துக்களில், இன்னாருடைய மாணாக்கர் இன்னார், அவருடைய மாணாக்கர் இன்னார் என்று ஆசிரிய பரம்பரைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. குணசேனதேவர் என்ற பெயர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியைச் சேர்ந்தோரின் பெயர்களும் வருகின்றன. நம் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போகிற ஆய்வாளன் ஒவ்வொருவனும் இந்த மலையைத் தாண்டித்தான் போகிறான். மாணாக்கர் என்ற சொல்லை ஆசிரியரின் பெயரோடு சேர்த்துக் கல்லில் பார்க்கக் கூடிய இத்தகைய வழித்தடம் வேறு எத்தனை பல்கலைக்கழகங்களுக்கு வாய்த்திருக்கும் என்று நான் வியந்ததுண்டு. ஆயினும் அந்த மாணாக்கர் என்ன உண்டனர், எதன்மேல் படுத்தனர் என்பதை இக்கல்வெட்டுக்கள் சொல்வதில்லை. அதை அறிய நாம் வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலுக்குப் போக வேண்டும்.

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக்குரிய, அதாவது ஏறத்தாழ 1067ஆம் ஆண்டைச் சேர்ந்த நீண்ட சாசனம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கல்விச்சாலையும் அதன் மாணவர் தங்கும் விடுதியும் அவற்றோடு இணைந்த வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையும் வர்ணிக்கப்படுகின்றன. ஆதுலர்சாலையில் படுக்கைகள் 15. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர் இருவர், நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பெண்டிர் இருவர் என்று ஆட்கள் எண்ணப்பட்டு, அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல்லும் கொடுக்க வேண்டிய காசும் குறிக்கப்பட்டிருக்கின்றன. இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. என் நெஞ்சைத் தொட்ட பகுதி இதுவன்று. விடுதி மாணவர் படுக்கப் பாய்க்கும், இரவில் எரிய விளக்கெண்ணெய்க்கும், ஆண்டில் 51 சனிக்கிழமைகளில் அவர்கள் தலைக்குத் தேய்த்து முழுக எண்ணெய்க்கும் அந்தச் சாசனம் தனித்தனியே ஏற்பாடு செய்கிறது. பேரரசொன்றின் ஆவணத்தில், நிலமும் வரியும் தேவதானமும் பேசப்படுகிற அதே கல்லில், தாயைப் பிரிந்து வந்து படிக்கிற பிள்ளைக்குச் சனிக்கிழமை எண்ணெய் வைக்க ஆளில்லையே என்ற கவலை எழுத்தாகியிருக்கிறது. நான் இதை முதன்முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

தென்னார்க்காட்டு எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று இன்னொரு கல்விச்சாலையைக் காட்டுகிறது. இளைய மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். இளையவருக்கு ஓர் அளவு நெல்லும் மேல்நிலையாருக்கு அதனினும் மிக்க அளவும் நாள்தோறும் அளக்கப்பட்டன. படிப்பு உயர உயர மாணவனின் தேவையும் உயரும் என்பதை அந்த ஊர்ச் சபையார் ஒப்புக்கொண்டிருக்கின்றனர். இன்றைக்கு முப்பது வயதை நெருங்கும் ஆய்வாளனைப் பார்த்து, இன்னுமா படிக்கிறாய் என்று கேட்டு, அவன் சோற்றுக் கவலையை அவனுடைய சொந்தக் குற்றமாகக் கருதும் நம்முடைய மனோபாவத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பெருமையைப் பேசுகிறவன் இதன் குறையையும் அதே குரலில் பேசக் கடமைப்பட்டவன். அந்தச் சாலைகளில் வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் கற்றவர்கள் ஒரு குலத்தார். உழுது அந்த நெல்லை விளைவித்தவனின் பிள்ளைக்கு அந்தப் பாயில் இடமில்லை. வாசல் குறுகியது, ஆனால் உள்ளே நுழைந்தவனுக்கு என்ன உரியது என்பது அளவோடு, எண்ணிக்கையோடு, ஊரார் அனைவரும் காணும் சுவரில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் தலைமுறையில் வாசல் அகன்றுவிட்டது. அதற்காகப் பலர் தம் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். அகன்ற வாசலுக்குள் நுழைந்தவனுக்கு உரியதை அப்படி அளந்து, அப்படி எல்லோரும் காண எழுதிவைக்கும் வழக்கம்தான் நம்மிடம் நலிந்துபோயிற்று என்பது என் அபிப்பிராயம்.

பிற தேசங்களின் சரித்திரமும் இதற்குத் துணையாகவே நிற்கிறது. பாரிஸில் 1257இல் ரொபேர் த சொர்போன் நிறுவிய கல்லூரி, கலைப் படிப்பை முடித்துவிட்டு இறையியலில் மேற்கொண்டு கற்க வந்த ஏழை மாணவர்கள் தங்கி உண்பதற்கான இல்லமாகவே தோன்றியது. ஆக்ஸ்போர்டில் 1264இல் வால்ட்டர் த மெர்ட்டன் ஏற்படுத்திய கல்லூரியின் நோக்கமும் அதனை ஒத்ததே. இன்று உலகம் அறிந்த அந்தப் பெயர்கள் யாவும் தம் முதல் நாளில், பட்டம் பெற்ற பின்னும் படிக்க விரும்பிய வறியவனுக்கு ஒரு வேளைச் சோறும் ஒரு கூரையும் தரத் தொடங்கிய விடுதிகளே.

நமக்கு வெகு அண்மையில் இருக்கும் ஒரு வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறேன். திருநகரிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய விளாச்சேரியில், இன்று கொலுப் பொம்மைகளுக்குப் பேர்போன அவ்வூரில், 1870இல் பிறந்தவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் என்னும் பரிதிமாற்கலைஞர். மதுரையில் படித்து, பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்று, 1892இல் பி.ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மையாகத் தேறி, அக்கல்லூரியிலேயே தமிழாசிரியரானார். சென்னைச் சர்வகலாசாலையின் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்க முனைந்தபோது அதை எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். காசநோயால் 1903இல், 33 வயதில், அவர் மறைந்தார். விளாச்சேரியிலிருந்து சில கல் தொலைவில், தோப்பூர் ஆஸ்டின்பட்டியில், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், அது அவர் காலத்தில் இருந்திருக்கக் கூடாதா என்ற எண்ணம் எனக்கு வராமல் போனதில்லை. படிக்கிறவன், எழுதுகிறவன் உடல் உடையவன் என்பதை மறந்துவிட்டுக் கல்வியைப் பற்றிப் பேசுவது எவ்வளவு பெரிய நஷ்டத்தில் முடியும் என்பதற்கு அவருடைய 33 ஆண்டுகளைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

இன்னொருவர் மு. வரதராசனார். திருப்பத்தூரில் தாலுக்கா அலுவலக எழுத்தராகச் சேர்ந்து, உடல்நலம் குன்றி அந்த வேலையை விட்டு, வீட்டிலிருந்தபடியே தனித்துப் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறியவர், 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் என்று தம் கல்வியைக் கட்டியெழுப்பியவர். கல்வியில் நெடுந்தூரம் தனியே நடந்த அந்த மனிதர்தாம் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்து, 1974இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். இளைஞர்களுக்கு அவர் எழுதிய கடித நூல்கள் அத்தனை வீடுகளில் புகுந்ததற்குக் காரணம், கேட்க ஆளில்லாமல் படித்தவன் கேட்க ஆளில்லாதவனுக்கு எழுதியதாக அவை இருந்தமையே என்று கருதுகிறேன். மு.வ. தனித்துப் படித்து உயர்ந்தாரே, இவர்களுக்கு என்ன குறை என்று வாதிடுவோர் உண்டு. தனியாக நடந்து கரை சேர்ந்த ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். சேராமல் போனவர்களின் பெயர்கள் தெரியா. ஆகையால் அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கப்பெற்று, தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு, 1978இல் காமராசர் பெயரைத் தாங்கியது. காமராசர் ஆட்சியில் 1956இல் விரிந்த பள்ளி மதிய உணவுத் திட்டத்தின் தத்துவம், பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்ற எளிய உண்மையே அன்றி வேறில்லை. அந்த உண்மை பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் உரியதா, அவர் பெயரைத் தாங்கிய வளாகத்தில் இருபத்தைந்து வயதில் ஆய்வேடு எழுதுகிறவளுக்கும் உரியதா என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம். தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து முதுநிலை ஆய்வாளரானால் 42,000. அந்தத் தேர்வில் அந்த நிலையை எட்டாத ஆய்வாளர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் மாதம் 8,000 ரூபாய் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் அந்த 8,000மும் அவருக்கு உரியதன்று. தமிழ்நாடு அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று ஒன்றை ஏற்படுத்தி, போட்டித் தேர்வு வைத்து, மாதம் 25,000 ரூபாய் வழங்க முன்வந்தது போற்றத்தக்கது; எனினும் அது தேர்வில் வென்ற சிலருக்கே. ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்கான தேசிய உதவித்தொகைகள் ஒருபுறம் நிற்க, சிறுபான்மை மாணவருக்கென 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் மாதம் 37,000 பெற, மற்றவர் ஒன்றுமே பெறாமல் மாலையில் டியூஷன் எடுத்து வாடகை கட்டும் காட்சி இதனால் ஏற்படுகிறது.

பெறுகிறவருக்கும் அது கிரமமாக வருவதில்லை. மாதந்தோறும் ஆய்வாளர் வருகையைப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் வலைத்தளத்தில் பதிவு செய்ய, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதலளித்தால்தான் தொகை நகரும். அந்த இருவரில் ஒருவர் விடுப்பில் போனால், பத்துக் கல் தள்ளி மாடியறையில் ஒரு பிள்ளை கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டியிருக்கும். உபகாரச் சம்பளம் என்ற சொல்லில் உபகாரமும் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. இழுத்தடிக்கும் காலங்களில் அலுவலகங்கள் அதை உபகாரமாகவே கருதுகின்றன என்று தோன்றுகிறது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17ஆம் நாள் உயிர்நீத்தபோது விட்டுச்சென்ற கடிதத்தில், ஏழு மாத உதவித்தொகையாகிய 1,75,000 ரூபாய் தமக்கு வரவேண்டியிருக்கிறது, அதைத் தம் குடும்பத்துக்குச் சேர்ப்பியுங்கள் என்று கேட்டிருந்தார். அந்த மரணத்தின் காரணங்கள் பல, ஆழமானவை. ஆனால் இறுதிக் கடிதத்தில் ஓர் ஆய்வாளன் நிலுவைக் கணக்கெழுத நேர்ந்தது என்ற ஒன்றே உதவித்தொகைப் பிரிவில் பணியாற்றும் ஒவ்வொருவர் மேசையிலும் நினைவாக இருக்க வேண்டியது.

உணவிலும் இப்படியே. விடுதி மெஸ்ஸில் மாதச் செலவை உண்டவர் தலைக்கு வகுத்துக் கொள்ளும் டிவைடிங் முறையே நம் பக்கத்து வழக்கம்; மாணவர் ஊருக்குப் போய்விடும் மாதத்தில், இருப்பவர் தலையில் பங்கு ஏறும். அரசின் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் கல்லூரி மாணவருக்கு உணவுப்படி 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளை. இது போதுமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: திருமுக்கூடல் கல்லில் இருந்தது போல இங்கே ஓர் அளவு இருக்கிறது, அது பகிரங்கமாக அறிவிக்கப்படுகிறது, குறைவானால் குறைவென்று சட்டமன்றத்தில் எழுந்து பேச முடிகிறது. அளவே சொல்லப்படாத இடத்தில் குறைவு என்று வாதாடவும் வழியில்லை.

நெறியாளர் விஷயத்துக்கு வருகிறேன். புதிய ஆய்வாளரின் சுகதுக்கங்களில் பாதிக்கு மேல் அந்த ஒருவரைப் பொறுத்தவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 பேருக்கு மேலும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கு மேலும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேலும் நெறியாளராக இருத்தலாகாது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று அமைய வேண்டும்; பருவத்துக்கு ஒருமுறை அவர் அதன்முன் தோன்றி, தம் வேலையின் போக்கைச் சொல்ல வேண்டும். குறைந்தது 3 ஆண்டு, சாதாரணமாக 6 ஆண்டு; பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாற்றுத்திறன் கொண்டோருக்கும் மேலும் இரண்டு ஆண்டு சலுகை; பெண் ஆய்வாளருக்குப் பேறுகாலத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் சேர்த்து 240 நாள் வரை விடுப்பு; மணமாகியோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேர்ந்தால் ஆய்வைத் தொகுத்த தரவுகளுடன் வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை. இவை ஒவ்வொன்றும் நல்ல விதி. எழுதியவர்கள் மாணவரின் கஷ்டத்தை அறிந்து எழுதியிருக்கிறார்கள். மாணவர் குறைதீர்ப்பு பற்றிய 2023ஆம் ஆண்டு விதிகளோ, குறைதீர் குழு 15 வேலை நாட்களுக்குள் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும், அதில் நிறைவில்லாதவர் நிறுவனத்துக்கு வெளியே நிற்கும் குறை கேட்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கின்றன. பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதையொட்டி 2015இல் வந்த விதிகளும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

இத்தனையும் ஆங்கிலத்தில், அரசிதழில், வலைத்தளத்தின் ஆறாவது மடிப்பில் கிடக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்து, துறை அலுவலகத்தின் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் மாணவிக்கு அவை இல்லாதவையே. மேலும் நம் பண்பாட்டில் ஆசிரியரைக் கேள்வி கேட்பது அபசாரம் என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. முறையீடு என்ற சொல்லே துரோகம்போல ஒலிக்கிறது. ஆலோசனைக் குழு பருவத்துக்கு ஒருமுறை கூடவேண்டும் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, விதியை நினைவூட்டுவதே என்று முதல் வாரத்திலேயே, நெறியாளர்கள் முன்னிலையிலேயே, துறைத் தலைவர் தம் வாயால் சொன்னால் எத்தனை மனக்கசப்பு வராமலே போயிருக்கும்! இளநிலை மாணவரை வரவேற்கத் தீக்ஷாரம்பம் என்ற பெயரில் மானியக் குழு 2019இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஆய்வுக்கு வருகிறவர் எல்லாம் அறிந்த முதியவர் என்று கருதப்படுவதாலோ என்னவோ, அவருக்கு அத்தகைய வரவேற்பு பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

சொல்வதால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு நம் மாநிலத்திலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2009இல் நாடு முழுவதற்கும் மானியக் குழு விதி செய்தது. அந்த விதி தண்டனையோடு நிற்கவில்லை. அறிவிப்புப் பலகைகள் வைக்க வேண்டும், மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும், உதவி எண் எல்லோருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும் என்று, சொல்லும் கடமையையே விதியாக்கியது. விளைவு யாதெனின், இன்று எந்த மாணவனைக் கேட்டாலும் ராகிங் குற்றம் என்பது தெரியும். கமுதியிலிருக்கும் அவன் தந்தைக்கும் தெரியும், அவர் கையொப்பமிட்டிருக்கிறார். பருவத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு, 240 நாள் விடுப்பு, 15 வேலை நாளில் முடிவு என்ற மூன்றையும் அதேபோல வாசலில் பலகையாக மாட்டவும், சேர்க்கைத் தாளோடு தமிழில் அச்சிட்டுக் கொடுக்கவும் கோடிகள் தேவையில்லை. ஊதியம் தருவதற்கே பல்கலைக்கழகங்கள் திணறுகிற நிதி நெருக்கடிக் காலத்தில், செலவில்லாத இந்த உதவியையாவது முதலில் செய்யலாம் என்பது என் வேண்டுகோள்.

மனத்தின் விஷயம் நுட்பமானது. அவசரமாகப் பேசத் தகாதது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 மேற்பட்டப் படிப்பு மாணவர்களை விசாரித்து, மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட அவர்களிடம் ஆறு மடங்கு மிகுந்திருப்பதாகக் கண்டது. தாமே முன்வந்து பதிலளித்தவர்களைக் கொண்ட கணக்கு அது. ஆகையால் அந்த ஆறு என்ற எண்ணை நான் அழுத்திப் பிடிக்கமாட்டேன். ஆனால் திசை சரியானதென்று ஓர் ஆய்வாளனோடு ஒரு மாலை பேசினாலே தெரிந்துவிடும். தேர்வு எழுதுகிறவனுக்கு முடிவு நாள் உண்டு. ஆய்வு செய்கிறவனுக்கு அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அவனோடு படித்தவர்கள் வேலைக்குப் போய் வீடு கட்டுகிறார்கள். ஊருக்குப் போனால் திருவிழாப் பந்தலில் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்விக்கு அவனிடம் பதிலில்லை. உயர்கல்வி நிலையங்களில் மாணவர் தற்கொலைகளைக் கண்டு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேச ஆள் உண்டு. இது 2022 அக்டோபரிலிருந்து இலவசமாக நடைபெறுகிறது. எண்ணைச் சொல்வது எளிது. கைபேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்துவதற்கு முன், அழுத்துவது அவமானமில்லை என்று நம்பிக்கையான ஒருவர் ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும்.

நூலகத்தைப் பொறுத்தமட்டில் இந்தக் காலத்து மாணவர் பாக்கியசாலிகள். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் தெ.பொ.மீ. பெயரால் நூலகம் இருக்கிறது. 2023 ஜூலை 15ஆம் நாள் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. முடிந்த ஆய்வேடுகளை சோத்கங்கா தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஒரே நாடு ஒரே சந்தா என்ற ஏற்பாட்டின்படி 2025 ஜனவரி முதல் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுப் பல்கலைக்கழக, கல்லூரி மாணவர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. ஒரு கட்டுரையின் நகலுக்காகச் சென்னைக்கு ரயிலேறியவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு இது சொர்க்கமாகத் தோன்றியிருக்கும்.

இனி, எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மாடியறையில் இருந்த மாணவி ஒருவர், எந்த நிறுவனம் என்பது இங்கு வேண்டாம், சேர்ந்து ஓராண்டு கழிந்த பின்னர் ஒருநாள் மாலை தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, “ஐயா, ஆர்.ஏ.சி., ஆர்.ஏ.சி.ங்கிறாங்களே, அப்படின்னா என்னங்கய்யா? எனக்கு ஒண்ணு இருக்கா?” என்று கேட்டார். ஆய்வு ஆலோசனைக் குழு அவருக்கும் அமைக்கப்பட்டிருந்தது. காகிதத்தில் அதன் உறுப்பினர் பெயர்களும் இருந்தன. அவரிடம் எவரும் சொல்லவில்லை, குழுவும் ஒருமுறைகூடக் கூடவில்லை. விதிமுறைகளை எடுத்துவைத்துக்கொண்டு திண்ணையில் இரண்டு மாலைகள் அவரோடு உட்கார்ந்து வாசித்தேன். அவர் தமக்கு வேண்டியதைத் தமிழில் ஒரு முழுத்தாளில் எழுதி, அறையின் கதவுக்குப் பின்னால், பஸ் நேரம் குறித்த சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

அவர் பட்டம் பெற்றுப் போன பின்னும் அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை. அடுத்து வந்தவர் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு எந்தெந்தத் தாள்களைக் கொண்டுபோக வேண்டும் என்பதைக் கீழே சேர்த்தார். அதற்கடுத்தவர் உதவித்தொகையின் மாதாந்திரப் பதிவு எந்தத் தேதிக்குள் நடக்க வேண்டும், அலுவலகத்தில் அதை யாரிடம் நினைவூட்ட வேண்டும் என்று எழுதினார். இப்போது அதில் நான்கு பேருடைய கையெழுத்து இருக்கிறது. சென்ற மாதம் குழாய் பழுதுபார்க்க மாடிக்குப் போனபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் வாசித்தேன். கடைசி வரி இந்த ஆண்டு வந்த பையன் எழுதியது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர் வேண்டுமானால் கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்கலாம், தருவார்கள், கூச்சப்பட வேண்டாம் என்று இருந்தது.